நிக்கோலவுஸ் அத்தான்

என் அக்கா அற்புதமலரைக் கட்டியவர் வலன்ரைன். எனக்கு அத்தான் முறை. பாரிசில், லா சப்பலில், ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காயும் வல்லாரையும் அடுக்குகிற வேலை. ஆனால் வாயைத் திறந்தால் ஜேர்மனிதான். ஜேர்மனியில் பஸ் சொன்ன நேரத்துக்கு வருமாம். ஜேர்மனியில் குப்பையைக்கூட நிறம் பார்த்துத்தான் போடுவார்களாம். கத்தரிக்காய் வாங்க வந்த சனம் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் வெளியே போக முடியும்.

அந்த ஜேர்மனியில் இவர் இருந்த இலட்சணத்தைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். மன்னாரிலிருந்து போனவர். ஹாகன் நகரத்து அகதி முகாமில் கிடந்து, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். கடைசியில் விண்ணப்பத்தை நிராகரித்து, நாட்டை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். ஏற்றுக்கொண்டு பாஸ்போட் கொடுத்தது பிரான்ஸ். நன்றி முழுவதும் துரத்தியவனுக்கு! இப்படியும் ஒரு மனிதப் பிறவி.

அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து நிக்கோலவுஸ் திருநாள். மார்கழி ஐந்தாம் திகதி பின்னேரம் பிள்ளைகள் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைக்க வேண்டும். ஆயர்மாரின் உயர்ந்த தொப்பியும் கோலுமாகப் புனித நிக்கோலவுஸ் வருவார். கூடவே கரி பூசிய முகத்தோடு றூப்பிரெக்ட் என்று ஒரு வேலைக்காரன், தோளில் சாக்கு, கையில் பிரம்பு. விடியப் பார்த்தால் நல்ல பிள்ளையின் சப்பாத்தில் கடலையும் மண்டரின் தோடம்பழமும் சொக்கிளேற்றும் இருக்கும். குழப்படிப் பிள்ளைக்குப் பிரம்பு மட்டும். அடங்காத பிள்ளையை றூப்பிரெக்ட் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவானாம். நத்தாருக்குப் பரிசு கொண்டுவருவதும் குழந்தை யேசுதானாம். பிரெஞ்சுக்காரரின் பப்பா நோயல் என்கிற நத்தார்த் தாத்தாவை அத்தான் வேஷக்காரன் என்பார். சொல்கிற ஆளைப் பாருங்கள்.

முகாமுக்குப் பங்குக் கோயிலிலிருந்து அப்படி ஒரு நிக்கோலவுஸ் வந்து இவருக்கும் ஒரு மண்டரின் கொடுத்தாராம். ஒரு மண்டரினுக்கு இத்தனை வருட விசுவாசம்.

அத்தானின் நிக்கோலவுஸைப் பார்க்க வேண்டுமே! மாம்பழப் பெட்டி மட்டையில் தங்கத்தாள் ஒட்டின தொப்பி. பஞ்சுத் தாடி. அங்கி, அக்காவின் வெள்ளைக் கலியாணச் சேலை. கோல், திரைச்சீலைக் கம்பி. அந்த ஊர்ப் பிரம்பு மரக்கொப்புகளைச் சேர்த்துக் கட்டினதாம். அதற்கு எங்கே போவது? கடையில் விற்கிற ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு பிடி உருவிச் சிவப்பு றிபன் கட்டினார். புனிதர் ஜேர்மனி, தண்டனை யாழ்ப்பாணத்து விளக்குமாறு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கூத்து என்றுதான் நானும் இருந்தேன், றொஷானிக்கு அது நடக்கும்வரை. அத்தானின் ஒரே மகள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நிக்கோலவுஸ் முன்னால் செபம் மறந்துபோய் வாயடைத்து நின்றாள். அத்தான் கண்ணைக் காட்டினார். றூப்பிரெக்ட் வேஷத்தில் நின்ற கடைக்காரப் பொடியன் அவளை வெங்காயச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கட்டி, மாடிப்படியால் தூக்கிக்கொண்டு இறங்கினான். பிள்ளை உள்ளே இருந்து அலறியது. "இனிச் செய்யமாட்டன்" என்று அது சொன்ன பிறகுதான் அவிழ்த்துவிட்டார்கள். பாவாடை நனைந்திருந்தது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஜேர்மனியில் பிள்ளைகளை இப்படித்தான் வளர்ப்பார்களாம். விசர் மனிசன்.

இப்போது றொஷானி ஒரு கந்தோரில் வேலை, ஆர்ஜொந்தெய்யில் வீடு. சமையலறையில் வெங்காயம் குவிந்து கிடந்தால் இன்றைக்கும் முகம் மாறும். பெற்றவரின் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணியோடு எழும்பிவிடுவாள். அவளுடைய மகள் லெத்திசியா அம்மப்பா வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. அக்கா அந்த ஏக்கத்திலேயே உருகிப்போனாள். இந்த வருடம் அவள் அழுது கேட்டதில் றொஷானி பிள்ளையோடு ஒரு இரவு தங்க ஒருமாதிரிச் சம்மதித்தாள். தகப்பனிடம் நேரே சொன்னாள்:

"சாக்கும் பிரம்பும் என்ரை பிள்ளையின்ரை கண்ணிலை படக்கூடாது. பட்டால் இனி இந்த வாசலுக்கு நாங்கள் வரமாட்டம்."

அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினார் அத்தான்.

ஐந்தாம் திகதி பின்னேரம் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். லெத்திசியாவுக்கு ஒரே சந்தோஷம். தாடியைத் தொட்டுப் பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். செபம் சொல்லு என்றார். பிள்ளை பிரெஞ்சில் சொன்னது. தமிழில் சொல்லு என்றார். பிள்ளை சிரித்துக்கொண்டு திரும்பவும் பிரெஞ்சில் சொன்னது. புனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குசினிக்குள் போய் அந்த ஈர்க்குக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தமிழ் சொல்லாத பிள்ளையின் சப்பாத்தில் இதுதான் இருக்கும் என்றார். இது கிடைத்தால் எல்லோருக்கும் முன்னால் "இனிச் செய்யமாட்டன்" என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார். அதுவும் போதாமல், உன்ரை அம்மாவையும் ஒருக்கால் சாக்கிலை போட்டு இப்படித்தான் சொல்ல வைத்தது என்று பெருமை வேறு.

றொஷானி எழும்பிக் கோட்டை எடுத்தாள். சப்பாத்தைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று லெத்திசியா கதவடியில் குந்திவிட்டாள். விடியப் பார்த்தவுடன் போவது, அதோடு சரி, இனி இல்லை என்று றொஷானி சொன்னாள். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு வருடமும் போல, தன்னுடைய சப்பாத்தையும் மினுக்கி வாசலில் வைத்து, தானே அதற்குள் சொக்கிளேற்றைப் போட்டார். தனக்குத் தானே நல்ல பிள்ளை!

நான் இருப்பது பக்கத்து வீடு. காலையில் போனபோது றொஷானி கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கும் கோட்டுப் போட்டாயிற்று. வாசலில் லெத்திசியாவின் சப்பாத்தில் மண்டரினும் கடலையும் இருந்தன. அத்தானின் சொக்கிளேற்று முழுவதும் றொஷானியின் சப்பாத்துக்கு மாறியிருந்தது. அத்தானின் சப்பாத்தில், சிவப்பு றிபனோடு, ஈர்க்குக்கட்டு.

யார் வைத்தது என்று பாய்ந்தார் அத்தான்.

"நிக்கோலவுஸ்தான் அத்தான். வேறை ஆர் வைக்கிறது?" என்றேன். "ஜேர்மனியிலை இதுதானே முறை."

லெத்திசியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அம்மாவைச் சாக்கில் போட்டதற்குத்தான் இது வந்திருக்கிறது, இனி நீங்கள்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தான் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒருவரும் கைகொடுக்கவில்லை. றொஷானி கதவுப் பிடியில் கையை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் குனிந்து ஜேர்மன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். அங்கே நின்ற ஒருவருக்கும் விளங்காத பாஷை. ஒளிக்கிறதுக்குக்கூட இந்த மனிசனுக்கு அந்த நாடுதான் வேண்டும்.

"தமிழிலை சொல்லுங்கோ, அம்மப்பா" என்றாள் லெத்திசியா.

முதல் நாள் பின்னேரம் கேட்டும் அவள் வாயிலிருந்து வராத தமிழ். அத்தான் ஈர்க்குக்கட்டைக் கையில் பிடித்தபடி மகளின் பக்கம் திரும்பினார்.

"இனிச் செய்யமாட்டன், பிள்ளை."

றொஷானி கதவுப் பிடியை விட்டுவிட்டு, குனிந்து, லெத்திசியாவின் கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.