இரண்டும் இடது கை கிளவுஸ்

1. உயரத்துக்குக் கிடைத்த வேலை

மைதான் என்ற பெரிய திடலில் எங்கள் கிளப்பின் செலக்‌ஷனுக்குப் பதினேழு பெண்கள் போயிருந்தோம். பதினேழு பேரும் ஃபார்வர்ட்.

"கோல்கீப்பர் யாரு?" என்று கோச் கேட்டார். எல்லோரும் புல்லைப் பார்த்தோம்.

கோச்சின் பெயர் நாடு-தா. நாடு என்பது அவருடைய வீட்டுச் செல்லப்பெயர். ‘தா’ என்றால் வங்காளத்தில் அண்ணன். தமிழ்க் காதுக்கு யாரோ ராஜ்யத்தைத் திருப்பிக் கேட்பது போல இருக்கும். அவர் பேசியதெல்லாம் வங்காளம்தான். உங்கள் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

உயர வரிசையில் எங்களை நிற்கவைத்தார். கடைசியில் நின்றவள் நான்.

"நீ போய் கோல்ல நில்லு."

"நான் ஃபார்வர்ட், நாடு-தா. கிடர்பூர்ல எங்க தெரு டீமுக்கு நான்தான் கோல் போடுவேன்."

"ஃபார்வர்ட் பதினாறு பேர் இருக்காங்க. அங்க ரெண்டு கம்பி மட்டும்தான் நிக்குது. போ."

அன்று பதினோரு கோல் வாங்கினேன். அதில் ஒன்று, நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது போனது. பந்து வலையைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அப்பா தூத்துக்குடிக்காரர். கிடர்பூரில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. சாயந்திரம் வீட்டில் அவரிடம் சொன்னேன்.

"பதினோரு கோலா வாங்குன, ஏளா?"

"ஆமாப்பா."

"அப்ப இனிமே வராதன்னுட்டாங்களா?"

"இல்ல. நாளைக்கும் வரச் சொல்லிருக்காங்க."

"எதுக்கு?"

"அங்க வேற கீப்பர் கிடையாதுப்பா."

"எனக்கும் ஆபீஸ்ல அப்படித்தான் புரமோஷன் வந்துச்சு. போயிட்டு வா" என்றார் அப்பா.

2. விடு

கீப்பர் வேலையில் பாதி கத்துவது. பந்தை நான் எடுக்கப்போகிறேனா, டிஃபெண்டர் எடுக்க வேண்டுமா என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் கிடர்பூரில் வளர்ந்தவள். வங்காளம் தண்ணீர் மாதிரி பேசுவேன். ஆனால் பதற்றம் வந்தால் வாயில் தமிழ்தான் வரும்.

எங்கள் சென்டர் பேக், லேக் கார்டன்ஸைச் சேர்ந்த பிதிஷா. பந்தை மட்டுமல்ல, பந்தோடு வருபவரையும் சேர்த்து நிறுத்தக்கூடியவள். அவளை எல்லோரும் கூப்பிடுவது பிது.

லீகில் என் முதல் மேட்ச். வலது பக்கமிருந்து ஒரு கிராஸ் வந்தது. சுலபமான பந்து. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். பிது ஒதுங்கிக்கொண்டிருந்தாள். நான் முழுத் தொண்டையில் கத்தினேன்: "விடு!"

பிது திரும்பினாள். துள்ளினாள். தலையால் ஒரு முட்டு. அந்த சீசனில் நான் பார்த்த மிக அழகான ஹெட்டர் அதுதான். எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

"ஏன் வந்த?" என்று கேட்டேன்.

"நீதானே கூப்பிட்ட!" என்றாள். கண்ணில் தண்ணீர்.

வங்காளிகளுக்கு ‘வி’ வராது, ‘பி’தான். நான் சொன்ன ‘விடு’ அவள் காதில் ‘பிது’ என்று விழுந்திருக்கிறது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

விடு என்பதற்கு வங்காளத்தில் உள்ள சொல்லைத்தான் இனி கத்த வேண்டும் என்று நாடு-தா உத்தரவு போட்டார். அந்தச் சொல்லின் கடைசி எழுத்துக்கு நாக்கை நன்றாக மடிக்க வேண்டும். நிதானமாக இருக்கும்போது மடியும். அடுத்த மேட்சில் கார்னர் வந்தபோது மடியவில்லை. என் வாயிலிருந்து வந்தது, "சார்!"

பிது சரியாக விட்டாள். ஆனால் ரெஃப்ரி திரும்பி என்னைப் பார்த்து, "யெஸ்?" என்றார். அந்த நேரத்தில் எதிரணிக்காரி முழங்கையால் என் விலாவில் இடித்ததை அவர் பார்க்கவில்லை. கோல்.

மேட்ச் முடிந்ததும் நாடு-தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு கோல் இப்படிப் போச்சுன்னா உன்னை பெஞ்சுல உட்கார வச்சிட்டு நானே விக் மாட்டிக்கிட்டு கோல்ல நிப்பேன்."

அவர் சிரிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபார்வர்டாகப் போனவளைக் கீப்பர் ஆக்கினார்கள். இப்போது கீப்பரும் இல்லை என்றால் நான் யார்?

பிதுதான் காப்பாற்றினாள். "உன் நாக்கை மாத்த முடியாது. என் பேரை மாத்திடலாம்" என்றாள். அன்றிலிருந்து மைதானத்துக்குள் அவள் பெயர் மிஷ்டி, வங்காளத்தில் இனிப்பு. நான் ‘விடு’ என்று கத்தினால் விட வேண்டும், ‘மிஷ்டி’ என்று கத்தினால் அடிக்க வேண்டும். முதல் நாள் மேட்ச் பார்க்க வந்த அவள் அம்மா, "யார் அந்த மிஷ்டி? என் பொண்ணை ஏன் இறக்கல?" என்று நாடு-தாவிடம் சண்டைக்குப் போனார்.

அடுத்த ஆறு மேட்சில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஜூனியர் இந்திய அணியின் கேம்ப்புக்கு அழைப்பு வந்தது.

3. ஜெர்சியில் அப்பா

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். என் பெயர் செல்வி, மூன்றே எழுத்து. அப்பாவின் பெயர் சண்முகசுந்தரபாண்டியன். ஆங்கிலத்தில் இருபத்திரண்டு எழுத்து.

கேம்ப்பில் தேறி அணிக்குள் வந்தேன். ஜெர்சியில் அந்தப் பெயரை அச்சடித்தவர் ஒரு எழுத்தையும் விடவில்லை. எழுத்துகள் ஒரு அக்குளில் தொடங்கி வானவில் மாதிரி முதுகைச் சுற்றி மறு அக்குளில் முடிந்தன. கையைத் தூக்கினால்தான் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரியும்.

அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. "என் பேரு இந்தியாவுக்கு ஆடுது, ஏளா! ஜெர்சியைத் துவைக்கும்போது பாத்துத் துவைக்கச் சொல்லு."

4. ஸ்ட்ரெச்சர்

பக்கத்து நாட்டில் போட்டி. நான் இரண்டாவது கீப்பர். முதல் கீப்பர் ரோஷ்னி தீதி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தீதி என்றால் அக்கா. நீ ஆட வாய்ப்பே இல்லை என்று மேடம், அதாவது எங்கள் தலைமைக் கோச், முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் முதல் மேட்ச் அன்று பெஞ்சில் நிம்மதியாகப் பாதாம் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடைசிப் பத்து நிமிடம். பாய்ந்து வெளியே வந்த ரோஷ்னி, எதிரணி ஸ்ட்ரைக்கர் மேல் மோதிக் கீழே விழுந்தாள். வலது மணிக்கட்டு போயிற்று. ரெஃப்ரி பெனால்டியும் கொடுத்துவிட்டார்.

"செல்வி, கிளவுஸ் போடு!" என்று மேடம் கத்தினார்.

பையைத் திறந்தேன். இடது கிளவுஸ் இருந்தது. அடியில் இன்னொன்று. அதுவும் இடது. என்னிடம் இரண்டு ஜோடி உண்டு. இரண்டின் வலது கைகளும் கிடர்பூரில் என் வீட்டுப் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பயிற்சியில் நான் போட்டுக்கொண்ட அணியின் ஸ்பேர் கிளவுஸ் பஸ்ஸில் இருந்தது. பஸ் பூட்டியிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ரோஷ்னியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடி அவள் வலது கையைப் பிடித்தேன்.

"தீதி, கிளவுஸ்!"

"பைத்தியமா உனக்கு? அது உடைஞ்ச கை!"

இடது கிளவுஸ்களை மாட்டியிருந்த என் இரண்டு கையையும் அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்தன. அவ்வளவு வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வலி கூடி, எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் திட்டிக்கொண்டே, இடது கையால் அவளே கிளவுஸை உருவிக் கொடுத்தாள். மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் அந்தப் படம்தான் பெரிதாக வந்திருந்தது. காயப்பட்ட தோழியின் கையை விட மனமில்லாத இளம் வீராங்கனை என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அவள் கிளவுஸ் எனக்குச் சின்னது. கோல் லைனில் போய் நின்றேன். மணிக்கட்டுப் பட்டை ஒட்டவில்லை. இடது கிளவுஸ் விரல்களுக்குப் பட்டை பிடிபடவில்லை. கையை வாய்க்குத் தூக்கிப் பல்லால் இழுத்தேன். நான் கையைத் தூக்கியதை ‘ரெடி’ என்று ரெஃப்ரி எடுத்துக்கொண்டார். விசில் ஊதியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. குனிந்த தலையோடு, இரண்டு முழங்கையையும் வயிற்றருகில் வைத்துப் பட்டையோடு போராடிக்கொண்டிருந்தேன்.

எப்படியும் நான் ஒரு பக்கம் பாய்வேன் என்று நினைத்து, ஸ்ட்ரைக்கர் நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்டாள். பந்து வந்து என் வயிற்றுக்கும் முழங்கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. யார் தூக்கிப் போட்டது என்று நான் பார்ப்பதற்குள் மொத்த அணியும் என் மேல் விழுந்தது. மீதி நிமிடங்களைத் தள்ளி மேட்சை ஜெயித்தோம்.

"அந்த நேரத்துல என்ன நினைச்ச?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணும் நினைக்கல, மேடம்."

மேடம் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? ஒண்ணுமே நினைக்கல. இதுதான் மன உறுதி."

அப்பா போனில், "ஆபீஸ்ல எல்லாரும் எனக்குத்தான் கை குடுத்தாங்க" என்றார்.

5. மறுபடியும் பெனால்டி

எல்லோரும் சொல்லச் சொல்ல நானும் நம்பிவிட்டேன். எனக்குள் ஏதோ அபூர்வ நிதானம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அடுத்த மேட்ச். அதை ஜெயித்தால்தான் ஃபைனல். அதிலும் ஒரு பெனால்டி. நான் நடுவில் அசையாமல், கண்ணில் ஒரு சாந்தத்தோடு நின்றேன். பந்து இடது மூலையில் போனது. போவதைச் சாந்தமாகப் பார்த்தேன். மேட்ச் டிரா. நாங்கள் ஃபைனலுக்குப் போகவில்லை.

டிரெஸ்ஸிங் ரூமில் கையில் கட்டோடு ரோஷ்னி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஏன் அப்படியே நின்ன?"

"அன்னிக்கு நின்னப்ப வந்துச்சே, தீதி."

"அன்னிக்கு நீ எங்க நின்ன? கிளவுஸ் மாட்டிக்கிட்டு இருந்த."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சால்ட் லேக்கில் நான் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் அந்த முதல் பெனால்டி வீடியோவைக் காட்டி ரகசியம் கேட்கிறார்கள். ரகசியம் இதுதான். பாராட்டு தப்பான காரணத்துக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காரணத்தை நம்பி அடுத்த மேட்சுக்குப் போகாதீர்கள்.

டிரா ஆன மேட்சுக்கு மறுநாள் காலை ரோஷ்னி என்னைப் பயிற்சி கிரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போய் கோலில் நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய கட்டோடு ஐம்பது பெனால்டி அடித்தாள். "பந்தைப் பார்க்காத, என் இடுப்பைப் பாரு" என்று ஒவ்வொன்றுக்கும் கத்தினாள். நாற்பத்தொன்று உள்ளே போயின. ஒன்பதைப் பிடித்தேன். அந்த ஒன்பதையும் நான் பார்த்துப் பிடித்தேன்.