கத்துகிற சிலிண்டரும் இருமுகிற சிலிண்டரும்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது, குட்டைப் போர்வையோடு படுப்பது மாதிரியான தொழில். தலைப்பக்கம் இழுத்தால் கால் குளிரும், கால் பக்கம் இழுத்தால் தலை குளிரும். கையில் ஆயில் வாடையோடு சோறு தின்று, அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் புனேயில் தாபோடிப் பக்கம் ஒரு ஷெட் வைத்திருந்தேன். ஊர் கோயம்புத்தூர். பால்காரர்கள் கேன் கட்டி ஓட்டுகிற அதே சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டியை, மண்மேட்டில் தாவிக் குதிக்கிற மோட்டோகிராஸ் வண்டியாக மாற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு.

எருமை

மோகன் என் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவன். தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாபோடி. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். எல்லாரையும் போல அவனும் வந்தவுடன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், "ஸ்பீட் வேணும் அண்ணா, ஏக்தம் ஸ்பீட்."

சிலிண்டர் சுவரில் புகை வெளியே போக ஒரு வாசல் இருக்கும். அதன் மேல் விளிம்பை அரத்தால் ராவி உயர்த்தினால் எஞ்சின் உச்சத்தில் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் கீழே, மெதுவாகப் போகும்போது, இழுவை செத்துவிடும். புனேயின் கெட்டித்தரைக்கு அது சரி. இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? அடுத்த வாரமே அதே எஞ்சினோடு கோலாப்பூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் ஓடப் போனான். மழை வேறு. மாலையில் தலை முதல் கால் வரை சேறாக வந்து நின்றவனைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவன் மட்டும் என்மேல்தான் கோபமாக இருந்தான்.

"இது எஞ்சின் இல்லே அண்ணா, எருமை. சேறு பார்த்தா படுத்துக்குது."

காக்கூவின் தூக்கம்

அதன்பிறகு அவனுக்கு இரண்டு சிலிண்டர் செய்து வைத்தேன். ஒன்று கெட்டித்தரைக்கு. இன்னொன்று சேற்றுக்கு. சேற்று சிலிண்டரில் அந்த வாசலைத் தாழ்வாகவே விட்டுவிட்டேன். அது வேகம் கம்மி, ஆனால் அடியிலிருந்தே நிதானமாக இழுக்கும். எந்தத் தடமோ அந்தச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு போகவேண்டியது.

செய்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கவேண்டாமா? அங்கேதான் வந்தது வம்பு. புனேயில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை கடைக்காரர்கூட ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மோகனுக்கு ஷிஃப்ட் முடிவதோ மூன்று மணிக்கு. பக்கத்துக் கட்டடத்துக் காக்கூ, நம்மூர்க் கணக்கில் சித்தி என்று வையுங்கள், எஞ்சின் சத்தம் கேட்டதும் மாடி ஜன்னலைத் திறந்து மராத்தியில் ஆரம்பிப்பார். எனக்கு அந்த மராத்தியில் பாதி புரியாது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

ஒருநாள் சேற்று சிலிண்டரை மாட்டி ஓட்டினோம். ஜன்னல் திறக்கவே இல்லை. எனக்கு ஆச்சரியம். நாலு மணிக்கு மேல் காக்கூ கையில் டீயோடு அவராகவே இறங்கி வந்தார். அன்று அவர் மராத்தியில் சொன்னதன் தமிழ் இதுதான்:

"கத்துகிறதை இனி காலையில் ஓட்டு. இருமுகிறதை எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக்கொள், அதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது."

நல்ல தொழில்

மோகனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் கோமதி, திருநெல்வேலிக்காரி. அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவளுக்கு என்மேல் ஒரு பிரியம். கோயம்புத்தூர்க்காரனான என்னை வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு பந்தயத்தில் மேட்டிலிருந்து தாவி விழுந்து மோகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. கட்டு பிரித்த வாரம், அவன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கோமதி ஷெட்டுக்கு வந்தாள். அப்போது மாசமாக இருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்: "அந்த வண்டிய மெதுவா ஓடுத மாதிரி செஞ்சு தாங்க அண்ணாச்சி. அவியகிட்ட சொல்ல வேண்டாம்."

முடியாது என்றேன். அவனுக்குத் தெரியாமல் செய்யவே கூடாது. மேட்டில் ஏறும்போது இத்தனை இழுவை வரும் என்று நம்பித்தான் அவன் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவான். வராவிட்டால் அடுத்த மேட்டுக்குப் போய்ச் சேராமல் நடுப்பள்ளத்தில் விழுவான். ஒரு டப்பாவையும் இரண்டு மரக்கட்டைகளையும் வைத்துக் காட்டினேன். அவள் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"வேகத்தக் கூட்டுனாலும் விழுவாவ, கொறச்சாலும் விழுவாவ. நல்ல தொழில் பாக்குதிய அண்ணாச்சி."

தோள்

அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு அவளும் வந்துவிட்டாள். மோகனுக்கு ஒரே பெருமை, பெண்டாட்டி தன் ஓட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று. நான் பக்கத்தில் நின்று, இது கத்துகிற சிலிண்டர், இப்போது மாட்டியது இருமுகிற சிலிண்டர் என்று காக்கூவின் பாஷையிலேயே விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டே எது என்று சொல்ல ஆரம்பித்தாள். வருஷக்கணக்காக எஞ்சினில் கைவேலை பார்த்த எத்தனையோ பேருக்கு அந்தக் காது கிடையாது.

கத்துகிற சிலிண்டரோடு சுற்றும்போது ஒரு வளைவில் மட்டும் மோகன் நேரத்தை இழந்தான். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கார்புரேட்டரைக் குடைந்தேன், செயினைப் பார்த்தேன். அவனைக் கேட்டால், "நான் டீக், சரியாத்தான் ஓட்டறேன் அண்ணா, வண்டிதான் அடைக்குது" என்கிறான். கோமதிதான் பிடித்தாள். வண்டியில் ஒன்றுமில்லை, ஆள்தான் பயப்படுகிறான் என்றாள். விழுந்ததற்குப் பிறகு, சட்டென்று பாய்ந்து வருகிற இழுவையை அந்த வளைவில் வாங்கிக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை.

ஃப்ளைவீலில் ஒரு வளையத்தைச் சேர்த்துக் கனமாக்கினேன், புகைக்குழாயைக் கொஞ்சம் நீட்டினேன். இழுவை இப்போது தூக்கிப் போடாமல் பதமாக வந்தது. என்ன செய்தேன் என்று மோகனிடம் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. மறுவாரம் அந்த வளைவை அவன் சிரித்துக்கொண்டே கடந்தான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கோமதியிடம் கேட்டேன்.

"அந்த எடத்துல மட்டும் இடது தோள் மேல ஏறுது அண்ணாச்சி. எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தாவ."

மேகமே இல்லாத நாள்

பெண் குழந்தை பிறந்தது. காக்கூ தன் கையால் டிங்க லாடு பிடித்துக் கோமதிக்குக் கொடுத்தனுப்பினார். பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு தருகிற கோந்து லட்டு அது. எனக்கும் ஒன்று வந்தது, நானும் பெற்றவன் மாதிரிதான் திரிந்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு முதல் பந்தயம் புனேயிலேயே. தரை ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் மோகன் தனியாக வந்தான். கத்துகிற சிலிண்டரை மாட்டத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். அதை நகர்த்திவிட்டு, "அண்ணா, நாளைக்கு சேத்து சிலிண்டர் போடுங்க" என்றான்.

வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். மருந்துக்கும் மேகம் இல்லை. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? ஜெயிக்க வேண்டாமா?" என்று ஏறினேன். அவன் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"குட்டி என் விரலைப் பிடிச்சுக்குது அண்ணா, விடவே மாட்டேங்குது. மேட்டுலே நான் தாவப் போறதில்லே, உருட்டிக்கிட்டே இறங்கிடறேன். பந்தயத்தை விட முடியாது, அதுக்கும் மனசு வரலே. கோமதிகிட்ட மட்டும் சொல்லாதீங்க, நான் டர்போக் ஆயிட்டேன்னு நினைப்பா."

டர்போக் என்றால் பயந்தாங்கொள்ளி. இந்த முறை கேட்டவனே ஓட்டப்போகிறவன், தன் எஞ்சினில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் ஏறப்போகிறான். சேற்று சிலிண்டரை மாட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் கோமதி குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொடி அசைந்தது. எல்லா வண்டிகளும் கத்திக்கொண்டு கிளம்பின, ஒன்று மட்டும் இருமிக்கொண்டு பின்னால் போனது. மற்றவர்கள் மேட்டில் பறந்தார்கள். மோகன் ஏறி, உருண்டு, இறங்கினான். தோள் எந்த இடத்திலும் ஏறவில்லை. சுற்றுக்குச் சுற்று அப்படியே ஓட்டி, நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் முடித்தான்.

கோமதி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே ஸ்பேனர் வைக்கிற பையில் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை. "இருமுததுதானே அண்ணாச்சி மாட்டியிருக்கிய? அவியளேதான் கேட்டாவளா?" என்றாள். நான் பையைவிட்டு நிமிரவில்லை. அவளுக்கு அதுவே போதும். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. அதற்குள் மோகன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களை நோக்கி வர ஆரம்பித்திருந்தான். அவள் சட்டென்று என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"எனக்குத் தெரியும்னு அவியகிட்ட சொல்லிராதிய அண்ணாச்சி."

மோகனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்கிற தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதிவிட்டேன். படித்துக் காட்டக்கூடிய ஒரே ஆள் கோமதி, அவள் வாயைத் திறக்கமாட்டாள்.