அண்ணனுக்கு இடம் பார்த்த கதை

ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப்பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று. அவள் கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடியே வருவாள். எதிரே லாரி வந்தால் அவள் பேச்சு நிற்காது, வண்டி மட்டும் நின்றுவிடும்.

அவளுடைய அண்ணன் போக்குவரத்துக் காவலர். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பெரிய நாற்சந்தியில் வெயிலில் நின்று, கை காட்டியே ஊரை நிறுத்தியவர், ஊரை நகர்த்தியவர். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கேட்டால், நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம், ஓட்டுவதற்கு இல்லை என்பார். ஒருமுறை சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த தங்கையையே ஓரங்கட்டி அபராதம் போட்டார். அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அந்த ஒரு வாரமும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் வயிற்றில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், மறுபடியும் வந்தது. ஒருநாள் பெரிய டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, இனி சிகிச்சை செய்தால் கஷ்டம்தான் கூடும், பலன் இருக்காது என்று சொல்லிவிட்டார். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் மட்டும் அடுத்த கேள்வியைக் கேட்டார். இருக்கிற நாளை வலியில்லாமல் கழிக்க என்ன வழி? குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிற இல்லங்கள் ஊரில் இரண்டு இருப்பதாகவும், இரண்டையும் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யும்படியும் டாக்டர் சொன்னார்.

அண்ணி பிடிகொடுக்கவே இல்லை. "நான் கல்லு மாதிரி இருக்கும்போது அவரை எங்கயோ கொண்டுபோய் விடறதா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். ஆனால் அவள் கல்லு மாதிரி இல்லை. அவரைத் தனியாகத் தூக்கி உட்கார வைத்து அவள் இடுப்பு போய்விட்டிருந்தது. தூக்கமும் போயிருந்தது.

பேச்சை முடித்தவர் அண்ணன்தான். "படுக்கப்போறவன் நான். கட்டிலை நான்தானே பார்க்கணும்?" என்றார்.

இல்லங்களைப் பார்க்கக் கிளம்பிய அன்று காலை அந்த வீட்டில் இருந்த பரபரப்பைப் பார்த்தவர்கள், எங்கேயோ உல்லாசப் பயணம் கிளம்புகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அண்ணன் முகம் மழித்துக்கொண்டார். சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார், மடிப்பு சரியில்லை என்று திரும்பப் போடச் சொன்னார். எத்தனையோ மாதங்களாக ஊசி எப்போது, ஸ்கேன் எப்போது, சாப்பாடு எப்போது என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்தார்கள். இன்று முடிவு அவர் கையில். அந்தக் குஷி அவர் நடையிலேயே தெரிந்தது. தலையில் பெரிய பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் காரில் மூவரும் கிளம்பினார்கள். முன்சீட்டில் அண்ணன், பின்சீட்டில் தண்ணீர் பாட்டிலும் தலையணையும் மடியில் வைத்துக்கொண்டு அண்ணி.

முதல் இடம் புத்தம் புதுக் கட்டடம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வரவேற்பறையில் நீரூற்று. டை கட்டிய மேலாளர் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினார். பொத்தானை அழுத்தினால் கட்டில் ஏறியது, இறங்கியது. அண்ணன் அதில் படுத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, கட்டில் அருமையான கட்டில்.

மேலாளர் டிவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கை சத்தம் காட்டாமல் கட்டிலோரம் தொங்கிய அழைப்பு மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. டிவி முடிந்து ஏசியைப் பற்றிய பேச்சும் முடிந்தது. அப்போதும் வரவில்லை. ராத்திரி திடீரென்று வலி வந்தால் யார் மருந்து கொடுப்பார்கள் என்று கேட்டாள். டாக்டர் போனில் இருப்பார் என்றார் மேலாளர். போனில் இருப்பவர் ஊசி எப்படிப் போடுவார் என்றதற்கு, காலையில் நர்ஸ் வந்துவிடுவார் என்று பதில் வந்தது. இதுவரை யாராவது குறை சொன்னதுண்டா என்றாள். குறையா, எங்களிடமா என்று அவர் சிரித்தார்.

அதற்குள் அண்ணன் அடுத்த அறைக் கதவோரம் நின்று உள்ளே இருந்த பெரியவரோடு பேச ஆரம்பித்திருந்தார். "எல்லாம் வசதியாத்தான் இருக்கு. ஆளுங்கதான் யாருன்னு தெரியல. தினம் ஒரு புது முகம்" என்றார் பெரியவர்.

கிளம்பும்போது அண்ணன் மேலாளரிடம், தனக்கு ஒரு ஆசை இருப்பதாகச் சொன்னார். "சாகறதுக்குள்ள ஒருதடவை நான் கார் ஓட்டணும்."

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாளில் அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. மேலாளர் முதலில் அதைத் தமாஷ் என்று நினைத்தார். பிறகு, விதிமுறை இடம் கொடுக்காது, வேண்டுமானால் பெரிய திரையில் கார் பந்தயம் போட்டுக் காட்டலாம் என்றார். அண்ணன் நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

"எப்பயிருந்துண்ணா இந்த ஆசை?"

"இப்பதான். நீ பெல்லை அழுத்தியும் ஆள் வரலையே, அப்ப தோணுச்சு. கொஞ்சம் கோக்குமாக்கா ஒண்ணைக் கேட்டாத்தான் இவங்க எப்படின்னு தெரியும்."

"அப்ப நிஜமா வேணாமா?"

அவர் பார்வை ஸ்டியரிங் மேல் போனது. "நிஜமாவும் வேணும்" என்றார்.

இரண்டாவது இடம், இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய பஸ் டிப்போவை ஒட்டி இருந்த ஓட்டு வீடு. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அண்ணி காரை விட்டு இறங்கும்போதே முகம் சுளித்தாள். உள்ளே கட்டில்கள் சாதாரண இரும்புக் கட்டில்கள்தான். ஆனால் நாற்றம் இல்லை. ஒரு மூலையில் யாரோ சீட்டாட்டத்தில் ஏமாற்றிவிட்டதாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

தலைமை நர்ஸ் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் கட்டிய, கனத்த உடம்புக்காரி. வந்தவர்களுக்கு எதையும் சுற்றிக் காட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அண்ணனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். எங்கே வலிக்கிறது, எப்போது அதிகம், ராத்திரி தூங்குகிறாரா என்று அவரைக் கேட்டாள். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தபோது, "அவரே சொல்லட்டும்மா" என்று மெதுவாகத் தடுத்தாள்.

அண்ணன் சொன்னார். விடிவதற்கு முன்னால் வலி தாங்காது என்றார். அண்ணி விழித்துக்கொள்ளக் கூடாதே என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதாகவும் சொன்னார். பின்னால் நின்ற அண்ணி அதைக் கேட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தலையணை உறை எப்படிக் கிழிகிறது என்று அவள் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை இங்கேயும் ஒரு மணியை அழுத்திப் பார்த்தாள். முழங்கைவரை நுரையோடு ஒரு உதவியாளர் ஓடி வந்தாள். பரீட்சைதான் என்று தெரிந்ததும் அவள் முறைத்தாள். "பாஸா ஃபெயிலா, சட்டுனு சொல்லுங்க. அங்க ஒருத்தருக்குத் தலையில சோப்புப் போட்டுட்டுப் பாதியில வந்திருக்கேன்" என்றாள். பாஸ் என்றதும் திரும்பி ஓடினாள்.

குறை சொன்னவர்கள் உண்டா என்ற கேள்விக்குத் தலைமை நர்ஸ் யோசிக்கவே இல்லை. அப்பா இறக்கப்போகிறார் என்பதை ஒரு மகனுக்கு நேரத்தோடு சொல்லவில்லை, மகன் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றாள். "தப்பு எங்க மேலதான். இப்பல்லாம் மூச்சு கொஞ்சம் மாறினாலே போன் போட்டுடறோம். சில சமயம் வீணா வரவழைச்சிடறோம். பரவாயில்லன்னு விட்டுட்டோம்."

பிறகு அண்ணன் தன் ஆசையைச் சொன்னார். தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை.

"கியர் வண்டியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் தங்கை. நர்ஸ் யோசித்து யோசித்துப் பேசினாள். முதலில் வலியை ஒரு கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மருந்து கண்ணைச் சொருக வைக்கும், அதனால் ரோட்டுப் பக்கமே போகக் கூடாது. பக்கத்து டிப்போ மைதானம் காலியாகத்தான் கிடக்கிறது. தங்கை காலடியில் பிரேக் இருக்கட்டும், தானும் பின்னால் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். "ஆனா டாக்டர் வேணாம்னா வேணாம்தான். அதை இப்பவே சொல்லிடறேன்" என்றாள்.

அண்ணன் தன் மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்ணி, தன் கட்டிலையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக என்றார்கள்.

அங்கே சேர்ந்த பிறகு எல்லாமே பால் பாயசமாக இருந்துவிடவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு வலி கிளம்பியது. பெரிய வலிக்கான மருந்து அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவியை இடுப்பில் செருகிய நர்ஸ் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வந்து சேரும்வரை அவர் துடித்த துடிப்பைப் பார்த்த தங்கை, அந்த இல்லத்தையே இரண்டாக்கிவிட்டாள். விடுமுறையில் இருந்த தலைமை நர்ஸ் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் நின்று கேட்டாள், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து சாவி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் மாறும், வாசலைத் தாண்டாது என்று முடிவானது. தங்கை அதை நம்பிவிடவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்புகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாசலைத் தாண்டவில்லை.

வலி அடங்கியது. அண்ணன் தூங்கினார், சாப்பிட்டார், சீட்டாட்டத்தில் நடுவராகப் போய்ச் சண்டையை இன்னும் பெரிதாக்கினார். ஒரு காலை வேளையில் டாக்டர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், விரலைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு, "இன்னைக்கு ஓட்டலாம்" என்றார்.

செய்தி வார்டெல்லாம் பரவியது. நடக்க முடிந்தவர்கள் மதில் ஓரம் வந்தார்கள். முடியாதவர்களின் கட்டில்களை வராந்தா விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் ஓட்டுநர் சீட்டில், பக்கத்தில் தங்கை, பின்னால் தலைமை நர்ஸ், அவள் கையை இறுகப் பிடித்தபடி அண்ணி. கிளட்ச்சை விட்டதும் வண்டி குதிரை மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும் துள்ளியது, மறுபடியும் அணைந்தது. மதில் ஓரம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூன்றாவது தடவை வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"போகுதுடி" என்றார் அண்ணன், ரகசியம் சொல்வதைப் போல.

"ரெண்டாவது கியர் போடுண்ணா."

போட்டார். டிப்போ மைதானம் முழுக்கத் தூசி பறந்தது. வராந்தாவில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தட்டினார்கள். திருப்பத்தில் துருப்பிடித்த டிரம் ஒன்றை உரசிக்கொண்டு போனார், அதற்காக வருத்தப்படவில்லை. பின்னால் ஒரு ஈ காக்கை வராத அந்த மைதானத்தில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஜன்னல் வழியே கையை நீட்டி முறையாகச் சைகை காட்டினார். அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் நர்ஸின் தோளில் சாய்ந்துகொண்டாள். சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் நிறுத்தியபோது அண்ணனின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, கண்கள் மின்னின. இத்தனை காலம் வண்டிக்காரர்களை ஏன் அப்படித் திட்டினோம் என்று இப்போதுதான் வெட்கமாக இருக்கிறது, கை கால் கண் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை ஓட்டினார். பிறகு உடம்பு இடம் கொடுக்கவில்லை. அண்ணி பக்கத்துக் கட்டிலில் படுத்து அவரோடு பழைய கதையெல்லாம் பேசினாள். தூக்கிப் புரட்டுகிற வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் பேச நேரம் கிடைத்தது என்று பின்னால் சொன்னாள். ஒரு விடியற்காலை மூச்சு மாறியதும் தங்கைக்குப் போன் வந்தது. அவள் வந்து சேர்ந்தபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது, வலி இல்லை. ஒரு கையை அண்ணியும் இன்னொரு கையை இவளும் பிடித்திருக்க, வெயில் ஜன்னலுக்கு வரும் நேரத்தில் போனார்.

காரியங்கள் முடிந்து சில வாரங்கள் கழித்துத் தலைமை நர்ஸ் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள். மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து, நோயாளிகளையும் வீட்டாரையும் தனியாகக் கேட்டு, குறைகளை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், சாவியைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தது என்றாள். பிரேக் அக்கா யோசிக்கக்கூட இல்லை, சரி என்றுவிட்டாள்.

போன வாரம் அண்ணி அவளுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரே சம்மட்டிச் சத்தம். இல்லத்தின் குளியலறை வாசல் குறுகல், சக்கர நாற்காலி நுழையவில்லை என்று பிரேக் அக்கா மூன்று கூட்டமாகப் போட்ட கூச்சலுக்குக் கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்திருந்தது.

"அண்ணி, சுவத்தை இடிக்கிறாங்க அண்ணி, என் கண்ணு முன்னாடியே இடிக்கிறாங்க. ஒண்ணும் கேக்கல. நீங்களே கிளம்பி வந்து பாருங்க" என்றாள்.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.