மனைவிக்கு எடுத்த ரத்தம்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தபோது, அங்கே வேலை செய்த ஒருத்தியோடு மூன்று மாதம் தவறாகப் பழகினேன். அவள் வேலையை விட்டுப் போனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் என் மனைவி கர்ப்பமானாள். எங்கள் ஊர்க் கிளினிக்கில், எல்லாத் தாய்மாருக்கும் எடுப்பதுபோல, எய்ட்ஸ் போன்ற நோய்கள் இருக்கின்றனவா என்று பார்க்க அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

"எனக்கெதுக்கு மிஸ் இது?" என்று ரத்தம் எடுத்த தாதியிடம் கேட்டு அவள் சிரித்தாள். நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன்.

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அவள் வயிற்றைத் தடவும் போதெல்லாம் நான் எழுந்து வாவிக்கரைக்குப் போய்விடுவேன்.

நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. கிளினிக் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு வருத்தம் இருக்குமெண்டு நீங்க ஏன் பயந்தீங்க?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன்.

"பிள்ளைக்கு ஏதும் வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. மனைவி என்னோடுதான் இருக்கிறாள். யாருக்கும் தெரியாவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். மகளைத் தூக்கும்போதெல்லாம் அவளுடைய அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.