தேதியைத் திருப்பி வைக்கிற அமீன்

"உங்க வீட்டுக்காரரு இன்னா வேலை பாக்குறாரு?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். அமீன் பதினைந்து வருஷமாகப் பார்க்கிற வேலையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது.

நான் முயன்று பார்க்கிறேன். தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் செய்து கொடுக்கும் கம்பெனி. வெறும் படமில்லை, தொட்டால் ஆடுகிற படம். எலும்பை இழுத்துக்கொண்டு போய் எலும்புக்கூட்டில் பொருத்தலாம். தப்பான இடத்தில் வைத்தால் எலும்புக்கூடு தலையைச் சொறியும். அந்தச் சொறியல் அமீனின் சொந்தச் சரக்கு. இப்படி நானூற்றுப் பன்னிரண்டு பாடம். அத்தனையும் பிரவுசரில் ஃபிளாஷ் என்றொரு ப்ளக்-இன் இருந்தால்தான் ஓடும். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, எந்தப் பள்ளியில் எது ஓடவில்லை என்றாலும் போனை எடுப்பது அமீன் என்று ஆகிவிட்டது.

2022-இல் கோபாலபுரத்திலிருந்து அப்படிப் போன் செய்த உயிரியல் டீச்சர் நான். கொரோனா முடிந்து பள்ளி திறந்திருந்தது. கம்ப்யூட்டர் அறையில் பதினொன்று. பத்தில் எலும்புக்கூட்டுக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கட்டம். இருப்பதிலேயே ஓட்டையான ஏழாம் நம்பரில் மட்டும் எலும்புக்கூடு ஜம்மென்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. வேர்த்து வழிய வந்த அமீன் அதன் முன்னால் உட்கார்ந்தார். திரையின் மூலையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே தேதி 2009 ஜனவரி ஒன்று.

"உள்ள இருக்கிற பேட்டரி போயிடுச்சு டீச்சர். தினமும் ஆன் பண்ணா இதுக்கு 2009தான். ஃபிளாஷை 2021 ஜனவரியோட நிறுத்திட்டாங்க, தேதி அதைத் தாண்டிட்டா ஓடாது. இது ஒண்ணுக்குத்தான் செத்த சேதி தெரியல."

மற்ற பத்திலும் தேதியை 2020-க்குத் திருப்பி வைத்தார். பத்து எலும்புக்கூடுகளும் எழுந்து நின்றன. ஒன்பதாம் வகுப்பு கூரை பிய்ந்துபோகக் கத்தியது. "இது ஒட்டுப்போட்டதுதான். எல்லாப் பாடத்தையும் ப்ளக்-இன் இல்லாம ஓடுற மாதிரி புதுசா எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார். தனி ஆளாக, நானூற்றுப் பன்னிரண்டையும்! எனக்கு அந்த நிமிஷமே இவர்மேல் ஆசை வந்துவிட்டது. மறைப்பானேன். அதற்கப்புறம் எலும்புக்கூடு நன்றாக ஆடினாலும், ஆடவில்லை என்று போன் செய்தேன்.

அத்தாவிடம் சொன்னபோது கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "செத்துப்போன சாமானுக்கு வைத்தியம் பாக்குறவனுக்கா என் பொண்ணு?"

என் அத்தா வலியுல்லா, மவுண்ட் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். அம்மா போன பிறகு மயிலாப்பூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவருக்குத் துணை, கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்த கேரம். அதுவும் ஃபிளாஷ்தான். அதுவும் போயிருந்தது. ஒன்றரை வருஷமாக அதே சாம்பல் கட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தார். கற்ற வித்தையை வீட்டில் காட்டினால் என்ன என்று, ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் வருஷத்தை 2020 ஆக்கினேன். கேரம் போர்டு பளிச்சென்று வந்தது. "அமீன் சொல்லிக் குடுத்தாரு" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. ஸ்ட்ரைக்கரைப் பிடித்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

இரண்டே நாளில் அமீனின் அம்மா அஃப்சருன்னிசாவுக்கு அவரே போன் போட்டார். கம்ப்யூட்டரில் காலண்டரைப் பார்த்தபடி, "செப்டம்பர் இருபது, ஞாயித்துக்கிழமை, பையனோட வாங்க. பேசி முடிச்சுடுவோம்" என்றார். என் காதில் இருபது மட்டும் விழுந்தது. பள்ளியில் பார்த்தால் அது செவ்வாய். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா காதில் ஞாயிறு மட்டும் விழுந்திருக்கிறது. நானும் அமீனும் மூன்று வாரமாக "அன்னைக்கு, அன்னைக்கு" என்றே பேசிக்கொண்டோம். தேதியைச் சொல்ல எங்களுக்கு ஏது புத்தி?

பதினெட்டாம் தேதி, ஞாயிறு. அத்தா லுங்கி பனியனில், ரெட்டைப் போட்டுவிட்டு, அது செல்ல அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய்க்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். என் தலையிலும் கையிலும் மருதாணி. காலிங் பெல். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வந்து இறங்கிய அஃப்சருன்னிசா மாமி, கையில் பூவும் பழமும் நிறைந்த தட்டு. பின்னால் இஸ்திரி கலையாத சட்டையில் அமீன்.

"இருபதுன்னுதானேம்மா சொன்னேன்?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்களே பாய்?"

"ஆமா. இருபதுதான் ஞாயித்துக்கிழமை!"

"அப்ப இன்னைக்கு இன்னா கிழமை?"

அத்தா கம்ப்யூட்டர் காலண்டரைத் திறந்து காட்டினார். இருபது, ஞாயிறு. அமீன் மட்டும் வருஷத்தைப் பார்த்தார். 2020. அவர் பார்த்த இடத்தை அத்தாவும் பார்த்துவிட்டார்.

"யாரு மாத்துனது? வந்தவங்க முன்னாடி என்னைக் கோமாளியாக்குனது யாரு?"

"நான்தான் மாமா" என்றார் அமீன்.

"பொய்!" மருதாணி கழுத்தில் வழிய நான் கத்தினேன். "இந்த வீட்டு வாசப்படியையே அவரு இன்னைக்குத்தான் மிதிக்கிறாரு. மாத்துனது நான்."

 என் கல்யாணம் தட்டோடு திரும்பிப் போகப்போகிறது என்றே நினைத்தேன். அமீன் மெல்ல உட்கார்ந்து தேதியைச் சரிசெய்து, பிரவுசரை மறுபடி திறந்தார். ஃபாலோ போடும் முன்பே போர்டு சாம்பல் கட்டமாகிப் போனது. அத்தா எழவு விழுந்த மாதிரி பார்த்தார். அப்போது அமீன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். புதுக் கேரம் போர்டு.

"இதுக்கு ப்ளக்-இன் வேணாம் மாமா. எந்தத் தேதியிலயும் ஓடும். உங்களுக்காக மூணு வாரமா எழுதினேன்."

அத்தா ஆடத் தொடங்கினார். மாமி தட்டோடு நின்றார். ரெட் விழுந்தது. ஃபாலோ தவறியும் ரெட் குழியிலேயே கிடந்தது. அத்தா திரும்பினார்.

"ஃபாலோ போடலைன்னா ரெட் திரும்ப நடுவுல வரணும். எனக்குச் சாதகமா இருக்குன்னு சும்மா இருப்பேனா? இது அநியாய ஆட்டம்."

"விட்டுப்போச்சு மாமா. இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

அத்தா விரல் விட்டு எண்ணினார். மீசை துடித்தது.

"ரெண்டு நாளா? அதான்யா நான் இருபதாம் தேதின்னு சொன்னேன்!"

மாமி சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்து ஆப்பிள் ஒன்று உருண்டது. அத்தா என்னைப் பார்த்து, "மருதாணிக் கையைக் கழுவிட்டு வந்து தட்டை வாங்கும்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவை நான் ரத்து செய்யவில்லை. ரெட் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?