மூன்று பள்ளிவாசல்களும் ஒரு சுவரும்

காலை ஒன்பதரை மணி. பாடி மேம்பாலத்துக்குக் கீழே, லாரிப் புகைக்கு நடுவே ஷேர் ஆட்டோவுக்காக நின்றேன். போக வேண்டிய இடங்கள் அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி. சுற்றி வந்தால் நாற்பது கிலோமீட்டர் தேறுமா என்பதே சந்தேகம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

எங்கள் தெருப் பள்ளிவாசலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பழைய கட்டடத்தில் பெண்களுக்கு இடமில்லை. இந்த முறை தெருப் பெண்கள் சீட்டுப் பணம், வளையல் என்று அள்ளிக் கொடுத்ததில் கமிட்டிக்கு எங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வரைபடத்தில் ஆண்கள் கூடம் கீழே இருக்கிறது. அதன் முன்பாதி இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த வெளி. பின்பாதியின் மேல் தளம் போட்டுப் பெண்களுக்கு. அந்தத் தளத்துக்கும் திறந்த வெளிக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை ஒரு சுவர்.

கமிட்டிச் செயலாளர் யூசுப், என் கணவரின் தம்பி. "மேல இன்னா இன்னா வேணும்னு நீங்களே சொல்லிடுங்க அண்ணி" என்று கேட்டிருந்தார். இன்று இரவு இஷாத் தொழுகைக்கு முன் சொல்ல வேண்டும். நாளை வரைபடம் மாநகராட்சிக்குப் போய்விடும். நான் சமூக அறிவியல் டீச்சர் என்பதால் தெருப் பெண்கள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "நாலு பள்ளிய பாத்துகினு வாங்க டீச்சர், நாங்க எத்த கண்டோம்?" என்றார்கள். நான் மட்டும் எதைக் கண்டேன்? ஐம்பத்திரண்டு வயதாகிறது. எங்கள் பள்ளிவாசலின் உட்புறத்தை நானும் பார்த்ததில்லை.

ஆட்டோவில் நான் மட்டும்தான். எஸ்டேட்டுக்கு நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய். மசூதிக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா விசேசம்? இன்னிக்கி வெள்ளிக்கெயம கூட இல்லியே."

"சும்மா பார்க்கத்தான்."

"சும்மா பாக்கறதுக்கு மகாபலிபுரம் கீது. இங்க இன்னா கீது? கம்பெனி கீது, லாரி கீது."

பத்து மணிக்கு அந்தப் பள்ளிவாசல் வாசலில் நின்றேன். முன்பு லேத் பட்டறையாக இருந்த தகரக் கொட்டகை. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. பச்சைப் பெயின்ட் அடித்த ஷட்டர் மட்டும் உண்டு. உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "லேடீஸ் உள்ள வர்றதில்லமா" என்றார். தெரியும் என்று சொல்லிச் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டேன். "அப்ப பாருங்க, பாக்கறதுக்கு இன்னா" என்று மின்விளக்கைப் போட்டுவிட்டார்.

தொழுகை நடத்தும் இமாம் நிற்கும் மாடக்குழிக்கு மிஹ்ராப் என்று பெயர். இங்கே அது மேற்குச் சுவரில் ஒட்டிய பளிங்கு ஓடுதான். பக்கத்தில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு மூன்று படி வைத்த மர மிம்பர். தரை விரிப்பின் கோடுகள் சுவருக்கு நேராக இல்லாமல் கோணலாக ஓடின. கொட்டகை நேர் மேற்கைப் பார்த்துக் கட்டியது. சென்னையிலிருந்து மக்கா இருப்பதோ மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்து. சுவரைத் திருப்ப முடியாதவர்கள் விரிப்பைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு இது பிடித்திருந்தது.

குவிமாடம் இல்லாவிட்டால் பள்ளிவாசலே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மதீனாவில் நபிகள் கட்டிய பள்ளிக்குப் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும்தான். மினாரா கிடையாது, பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறித்தான் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னார்கள். மிஹ்ராப் குழியும் பிறகு வந்ததுதான். பெண்கள் அதே கூடத்தில் ஆண்களுக்குப் பின்வரிசையில் தொழுதார்கள். நடுவில் சுவர் எழுப்பியதாக நான் எங்கும் படித்ததில்லை. இதை எங்கள் கமிட்டியிடம் சொன்னால் பாடமெடுக்க வந்துவிட்டாள் என்பார்கள்.

பதினொன்றரைக்கு ஆவடிப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சீட்டை முகம் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தார். பத்துக் கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. திருமுல்லைவாயலில் நின்றது நின்றபடி இருந்தோம்.

ஆவடியில் பார்த்தது புத்தம் புதுசு. ஃபைபரில் வார்த்த குவிமாடம், நாலு மூலையிலும் மினாரா, இரவில் எரிய நீல விளக்குச் சரம். கல்யாணப் பெண் மாதிரி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றது. பெண்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு, தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளூ செய்ய வரிசையாகக் குழாய்கள், மாடியில் ஏசி. குறிப்பேடே தேவையில்லை, இதையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஜன்னல் இல்லாததை அப்போது கவனிக்கவே இல்லை. மூலையில் தொங்கிய ஒலிபெருக்கிப் பெட்டிதான் எங்களுக்கு இமாம்.

ஒன்றேகாலுக்கு லுஹர் ஜமாஅத், அதாவது நண்பகல் கூட்டுத் தொழுகை, தொடங்கியது. லுஹரில் இமாம் சத்தமாக ஓதுவதில்லை. "அல்லாஹு அக்பர்" என்ற குரல் கேட்டுத்தான் குனிவதும் எழுவதும். கடைசிச் சுற்றான நாலாவது ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவுக்குப் போனோம். ஏசியின் இரைச்சல் நின்றது. கரண்ட் போய்விட்டது.

சஜ்தாவில் சொல்ல வேண்டியதை மூன்று முறை சொன்னேன். பிறகு ஏழு முறை. பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. கீழே எழுந்திருப்பார்களா? நான் எழுந்து அவர்கள் எழாமல் இருந்தால்? இருட்டு. யாரும் அசையவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சட்டென்று விளக்கு எரிந்தது, பெட்டியும் பேசியது: "அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ்." கீழே தொழுகை முடிந்து சலாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் நாங்கள் எல்லோரும் இன்னும் நெற்றியைத் தரையில் வைத்திருந்தோம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரவர் மீதியைத் தனியாகத் தொழுது முடித்த பிறகு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். ஷகீலா என்று பெயர், அங்கேயே துணிக்கடை வைத்திருப்பவர்.

"இன்வெர்ட்டர் இல்லையா?"

"கீதுக்கா. கீய மட்டும். ஆம்பளைங்களுக்கு ஃபேனு ஓடும். மேல ஒயரு இயுக்கல."

"அடிக்கடி இப்படி ஆகுமா?"

"வெயில் காலம்னா ஆவும். நாங்க பயகிட்டோம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மணிக்குப் பூந்தமல்லிப் பேருந்தைப் பிடித்தேன். பருத்திப்பட்டு, காடுவெட்டி தாண்டி, சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி, பூந்தமல்லி நிலையத்தில் இறங்க நாலு மணி ஆகிவிட்டது. பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பழைய பள்ளிவாசலைத் தேடிப் போனேன்.

தட்டைக் கூரை, கல் தூண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மண்டபம் என்றே சொல்வீர்கள். தூணில் தாமரை இதழ் உண்டு, கொடி உண்டு. உருவம் மட்டும் கிடையாது. தமிழ்நாட்டுப் பழைய பள்ளிகள் பலவும் இப்படித்தான். மண்டபம் கட்டத் தெரிந்த கைகளே இதையும் கட்டின. குவிமாட மோகமெல்லாம் இங்கே பின்னால் வந்து சேர்ந்தது. முற்றத்தில் ஒளூ செய்யும் தொட்டி, அதில் மீன்கள். பக்கவாட்டில் கதவே இல்லாத வளைவுகள், அவற்றை ஒட்டி ஒரு தாழ்வாரம்.

பாங்கு சொல்லும் மோதினார் பம்பு செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு இடம் உண்டா என்று கேட்டேன்.

"தனியா இல்லமா. தொழணும்னா தாவாரத்துல நின்னுக்கங்க. அந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க."

மாலை அஸர் ஜமாஅத்துக்கு இரண்டு வரிசை ஆட்கள்தான் வந்தார்கள். உள்ளே மைக் போடவில்லை. இமாமின் குரல் கல்லில் பட்டு வளைவு வழியாக என்னிடம் வந்தது. குரல் வருவதற்கு முன்னாலேயே வேட்டிகள் சரசரக்கும் ஓசை வந்துவிட்டது. அவர்கள் குனிந்தபோது குனிந்தேன், எழுந்தபோது எழுந்தேன். சலாம் கொடுத்து நிமிர்ந்தால் வளைவுக்குள் மிஹ்ராப் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த வெறும் குழி, மாலை வெளிச்சம் ஒரு ஓரத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜமாஅத்தோடு தொழுவது என்றால் இதுதானா என்று இருந்தது.

ஐந்தேகாலுக்குக் கிளம்பி, வானகரம் வழியாகப் பாடி வந்து சேர ஏழாகிவிட்டது. வாசலிலேயே யூசுப் காத்திருந்தார்.

"சொல்லுங்க அண்ணி, ஏசி ஒன்ற டன்னா ரெண்டு டன்னா?"

"ஏசி வேணாம் யூசுப். அந்தச் சுவர் வேணாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "இத்த நான் எப்டி சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க." நான் வரமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்ன பேச்சு. செருப்பை இன்னும் கழற்றவில்லை. அப்படியே அவர் பின்னால் நடந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு ஒரு நிமிட நடை. நாள் முழுக்கச் சுற்றியதில் வராத பயம் அந்த ஒரு நிமிடத்தில் வந்தது.

மதரஸா அறையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. மேசையில் வரைபடம், எதிரே இன்ஜினியர். முத்தவல்லி, அதாவது கமிட்டித் தலைவர், இரும்புக்கடைக்காரர். எதையும் எடை போட்டே பேசுபவர். "சொவரு இல்லாங்காட்டி ஆம்பளைங்க கவனம் செதறுமேமா" என்றார்.

மதீனாவைப் பற்றிச் சொல்லத் தயாரித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. ஆவடியில் நடந்ததைச் சொன்னேன். யாரோ சிரித்தார். முத்தவல்லி சிரிக்கவில்லை.

"எவ்ளோ நேரம் சஜ்தாலயே இருந்தீங்க?"

"தெரியல பாய். அவங்க முடிச்சு சலாம் குடுக்கற வரைக்கும்."

சிரித்தவரும் தலையைக் குனிந்துகொண்டார். முத்தவல்லி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, மாடிச் சுவர் மேல் விரலை வைத்து இன்ஜினியரைப் பார்த்தார்.

"இது வெயிட்டு தாங்கற சொவரா?"

"இல்ல பாய். அது எதையும் தாங்கல. மறைப்புக்குப் போட்டதுதான்."

"அப்ப எடுத்துட்டு, ஓட்ட ஓட்டயா ஜாலி வச்சிடுங்க."

இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். அவர்கள் எழுந்து வரிசையில் நிற்கப் போனார்கள். பெண்களின் இடம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து தனியாகத் தொழுதேன்.