பிலோமினா அக்காவின் பாதிச் செபம்

கினிகத்தேனையில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். “அப்பா, பிலோமினா அத்தை போயிட்டாங்க.” “எங்க, ஹட்டனுக்கா?” என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியும் தேறாதவன் நான். எனக்கு எதுவும் தாமதமாகத்தான் விளங்கும்.

அக்காவின் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்களில் பலர் அவரை மாதா கோயிலில் கண்டிருப்பீர்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவருடைய கதவுக்கு அடுத்த கதவு என்னுடையது. கடைசி நாட்களில் நான் அவரைக் கண்டதெல்லாம் எங்கள் நாய் டைகரின் பக்கத்தில்தான்.

டைகரின் கீழ் இமையில் கறுஞ்சிவப்பாக ஏதோ தொங்கியது. மழைக்காலம். தேயிலை மலையில் பிறந்தவன் வேறென்ன நினைப்பான்? அட்டை என்று முடிவுகட்டி, உப்பைக் கரைத்துத் தடவினேன். அவன் போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்தது.

“இது எப்ப இருந்து இருக்கு தம்பி?”

“நேத்துல இருந்துக்கா.”

“அட்டைன்னா வயிறு நெறஞ்சு நேத்தே விழுந்திருக்குமே! இது கட்டிப்பா. கண்ணக் கெடுத்துடாத.”

கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி ஊற்றி அவர்தான் உப்பைக் கழுவினார். டைகரின் கண் போய்விடுமோ என்ற பயத்தில் மகள் என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் ஹட்டனில் மிருக வைத்தியரிடம் போனோம். அக்காவும் வேலைக்குப் போகாமல் கூட வந்தார். சிங்களத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அளந்திருந்தேன். வைத்தியர் “உணு வத்துர” என்றதும், “காய்ச்சலாம்க்கா” என்றேன்.

“‘உண’ன்னாதான் காய்ச்சல். அவரு சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்றாரு. காய்ச்சல் ஒனக்குத்தான்.”

இமையில் சின்ன வீக்கம்தான். பிதுக்கக் கூடாது, மனிதருக்கான சொட்டு மருந்து விடக் கூடாது, காலையும் மாலையும் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் வற்றிவிடும் என்றார் வைத்தியர்.

நான் பிடித்தால் டைகர் திமிறுவான். நியாயம்தான், உப்புக்காரன் அல்லவா. அதனால் அக்காவே, கொழுந்து பறிக்கப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு தடவை, மலையிலிருந்து இறங்கி வந்து ஒரு தடவை ஒத்தடம் கொடுப்பார். துணியைத் தன் இமையில் வைத்துச் சூடு பார்ப்பார். கடிகாரம் பார்க்கமாட்டார், செபமாலையில் பத்து மணியை உருட்டிக்கொண்டே முணுமுணுப்பார். “பத்து முடிஞ்சா போதும், துணியும் ஆறிடும்.”

வீக்கம் வற்றி வந்த நாட்களில்தான் அவருக்கு இருமல் பிடித்தது. செபம் அறுந்து அறுந்து வரும். “ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா” என்று வாயால் மட்டும் சொன்னேன். “இவன் கண்ணு சரியாகட்டும் தம்பி” என்றார். நாய்க்காகக் கடையில் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து ஹட்டன் போனவன், அவருக்காக ஒரு நாள் லீவு போடவில்லை. என்னை நானே கேலி செய்துகொள்வது எனக்குக் கைவந்த கலை. இதற்கு மட்டும் அது வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்த மாலை, துணியை நனைத்துக்கொண்டு டைகரின் முன்னால் உட்கார்ந்தேன். திமிறினான்.

“அப்பா, நீங்க செபம் சொல்லலையே” என்றாள் மகள்.

நான் முருகன் கோயில்காரன். பக்கத்தில் நின்று கேட்டதில் முன்பாதிதான் மனதில் தங்கியிருந்தது. பின்பாதியை அந்த இருமல் தின்றுவிடும். தெரிந்த பாதியைப் பத்துத் தடவை சொன்னேன். டைகர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றான்.

இப்போது இமையில் தடம்கூட இல்லை. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பாதிச் செபம். மீதியைச் சொல்லித்தர உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. அவர் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்திக்கொள்கிறேன்.